ஒரே இடத்தில் சுற்றுகிறதா? பழைய வீடியோ கேம் புதிர்வழிகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சூப்பர் மேரியோ பிரதர்ஸில் 4-4 கோட்டைக்கு, அதாவது நாலாவது உலகத்தின் நாலாவது லெவலுக்கு, முதன்முதலாக வந்த அன்று, கேசட் கெட்டுவிட்டது என்றே எங்கள் வீட்டில் முடிவு கட்டினோம். ஓடுகிறோம், ஓடுகிறோம், டைமர் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் அதே செங்கல், அதே நெருப்புக் குழி. அண்ணன் கேசட்டை உருவி, அடியில் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்து மறுபடி செருகினான். முதலிலிருந்து ஆடி 4-4 வரை வந்தோம். மறுபடியும் அதேதான். கேசட்டில் ஒரு குறையும் இல்லை. அந்த லெவலைக் கட்டியதே அப்படித்தான் என்பது எங்களுக்குத் தெரிய வெகுநாள் ஆனது.

பழைய கேம்களின் புதிர்வழிகள் எல்லாம் ஒரே மாதிரி ஏமாற்றுவதில்லை. சில உங்களைச் சத்தமில்லாமல் பின்னால் கொண்டுபோய் விடும். சில உங்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிடும். இன்னும் சில, நீங்கள் வைத்த அடையாளத்தையே எடுத்துக்கொண்டு போய்விடும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. அதனால் கேமின் பெயரைப் பார்க்காமல், உங்கள் திரையில் என்ன நடக்கிறது என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள்.

கையில் ஒரு தாளும் பேனாவும் வேண்டும். எமுலேட்டரில் (பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளில்) ஆடுபவர்கள் லெவல் தொடங்கும் இடத்திலேயே ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். புதிர்வழியின் நடுவில் வைக்க வேண்டாம். நீங்கள் அதுவரை செய்த தப்பையும் கேம் உள்ளுக்குள் எண்ணி வைத்திருக்கும், அந்த எண்ணிக்கையும் சேர்ந்தே சேவ் ஆகும். பிறகு எத்தனை முறை அங்கிருந்து தொடங்கினாலும் தப்புடன்தான் தொடங்குவீர்கள்.

"வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறேன், அதே இடம் திரும்பத் திரும்ப வருகிறது"

இது 1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸின் 4-4, 7-4 கோட்டைகளின் அடையாளம்.

முதலில் உண்மையிலேயே சுற்றுகிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். கோட்டைகளில் எல்லாச் சுவரும் ஒன்று போலவே இருக்கும், நீளமான லெவலாகவும் இருக்கலாம். கண்ணில் படும் ஒரு அமைப்பை, எடுத்துக்காட்டாக ஒரு குழியையும் அதற்கு மேலே தொங்கும் செங்கலையும், மனத்தில் வைத்துக்கொண்டு ஓடுங்கள். நாலு திரை அளவு போனதும் அதே ஜோடி மறுபடி வந்தால் சுற்றல்தான். இன்னொரு தடயமும் உண்டு: கேம் உங்களைப் பின்னுக்கு அனுப்பும் கணத்தில் திரையில் எதிரி யாராவது இருந்தால் சட்டென மறைந்துவிடும்.

காரணம் இதுதான். லெவலில் குறிப்பிட்ட சில இடங்களில் கேம் ஒரு சோதனை வைத்திருக்கிறது. அந்த நேரத்தில் மேரியோ எந்த உயரத்தில் இருக்கிறான் என்று பார்க்கும். சரியான தளத்தில் இருந்தால் விட்டுவிடும். இல்லையென்றால், நீங்கள் இருக்கும் இடத்தின் கணக்கிலிருந்து நாலு திரையைக் கழித்துவிடும். திரை அசையாது, மினுக்காது, சத்தம் வராது. இனி வலது ஓரத்தில் வரையப்படுவது நாலு திரைக்கு முந்தைய சுவர், அவ்வளவுதான்.

4-4-க்கான விடை: முதல் சோதனைக்கு மேல் தளம், இரண்டாவதுக்குக் கீழ்த் தளம். மேலே ஏறி ஓடுங்கள், அப்புறம் வழி திறக்கும் இடத்தில் அடித்தளத்துக்கு இறங்கி அதிலேயே போங்கள்.

இந்த விடை தெரிந்த பிறகும் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குத்தான் தனியாக ஒரு பகுதி.

"சரியான தளத்தில்தான் போனேன், அப்படியும் சுற்றிவிட்டது"

சோதனை நேரத்தில் குதித்துக்கொண்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கேம் உயரத்தை மட்டும் பார்ப்பதில்லை, கால் தரையில் பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறது. சரியான தளத்துக்கு மேலே அந்தரத்தில் இருந்தால், அது தப்பு வழியாகத்தான் கணக்காகும். அதோடு, சோதனை நடக்கும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மேரியோவின் காலடியில் எந்தக் கோடும் இல்லை. அடுத்த திரையின் முதல் வரிசை வலது ஓரத்தில் வரையப்படத் தொடங்கும்போதே சோதனை முடிந்துவிடுகிறது. அதாவது, "இதோ வழி பிரிகிறது, தாண்டிவிட்டேன்" என்று நீங்கள் நினைப்பதற்குச் சற்று முன்போ பின்போ தீர்ப்பு எழுதப்பட்டிருக்கும்.

பதற்றத்தில் எல்லோரும் செய்வது குதிப்பது. டைமர் குறையக் குறையக் கை தானாகவே பட்டனை அழுத்தும். ஆகவே பழக்கத்தை மாற்றுங்கள்: தளத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, குழியோ நெருப்போ எதிரே வந்தால் ஒழியக் குதிக்காதீர்கள். தரையோடு தரையாக ஓடுங்கள். குதித்தே ஆக வேண்டுமென்றால் குட்டையாகக் குதித்து உடனே இறங்குங்கள். நான் இந்த ஒரு விஷயத்தை யாருக்குச் சொன்னாலும், அவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சின்ன வயதில் சரியான வழியில் போயும் தோற்றிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிகிறது.

"எந்தத் தளத்தில் தப்பு செய்தேன் என்றே தெரியவில்லை"

நீங்கள் 7-4-இல் இருக்கிறீர்கள். இந்தக் கேமின் புதிர்வழிகளில் எனக்கு மிகவும் பிடித்ததும், மிகவும் வதைத்ததும் இதுதான்.

4-4-இல் தப்பு செய்தால் உடனே பின்னுக்குப் போவீர்கள். அதனால் தப்பும் தண்டனையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 7-4-இல் அப்படி இல்லை. மூன்று சோதனைகள் வரிசையாக வரும். முதல் சோதனையில் தப்பினாலும் கேம் ஒன்றும் சொல்லாது, இரண்டாவதிலும் சொல்லாது. மூன்றாவது முடிந்ததும் மூன்றும் சரியா என்று எண்ணிப் பார்க்கும். ஒன்று குறைந்தாலும் பின்னால் அனுப்பும். கடைசியாகப் போன வழிதான் தப்பு என்று நினைத்து நாம் அதையே மாற்றி மாற்றிப் பார்ப்போம். உண்மையான தப்போ முதல் தளத்தில் நடந்திருக்கும்.

மூன்று தளங்கள், மூன்று சோதனைகள். எல்லாவற்றையும் சேர்த்தால் 27 வகை வருகிறது. நினைவில் வைத்துக்கொண்டு முயல்வது வீண். எங்கள் வீட்டில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் இதற்காகவே இருந்தது. மேல் என்றால் "மே", நடு என்றால் "ந", கீழ் என்றால் "கீ". ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரி:

மே-மே-மே, சுற்றல்.
மே-ந-கீ, சுற்றல்.
கீ-கீ-மே, சுற்றல்.

ஒருவர் ஆட, இன்னொருவர் எழுத வேண்டும். ஆடுபவரே எழுத முயன்றால் ஆட்டமும் போகும், எழுத்தும் போகும்.

விடை: முதல் மூன்றுக்கு கீ-ந-மே. அதைத் தாண்டியதும் உடனே இன்னொரு மூன்று வரும், அதற்கு மே-ந-மே. முதல் தொகுதி ஏணிப்படி மாதிரி ஏறுகிறது, இரண்டாவது மேலே தொடங்கி நடுவில் இறங்கி மறுபடி மேலே போகிறது. இங்கேயும் தரையில் கால் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு.

1993-இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த மேரியோ ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் இதையே ஆடுகிறீர்கள் என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சரியான தளத்துக்கு ஒரு ஒலியும் தப்பான தளத்துக்கு வேறொரு ஒலியும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சின்ன ஒலி ஒன்றே இந்தக் கோட்டையின் கொடுமையில் பாதியைக் குறைத்துவிடுகிறது.

உயிர் எல்லாம் போய் கேம் ஓவர் ஆகிவிட்டால் முதல் உலகத்துக்குப் போக வேண்டியதில்லை. தலைப்புத் திரையில் ஏ பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட்டை அழுத்துங்கள். நீங்கள் தோற்ற உலகத்தின் முதல் லெவலில் தொடங்கும். அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்!

"மேல், நடு, கீழ் எல்லாம் பார்த்துவிட்டேன், எதுவும் சரியில்லை"

8-4. இங்கே எந்த உயரமும் சரியில்லை. சோதனையில் வைத்திருக்கும் உயரத்தில் மேரியோ தரையில் நிற்கவே முடியாது. நடந்து தாண்ட வழியில்லை, பைப்புக்குள் இறங்கினால்தான் உண்டு. தப்பான பைப் உங்களை லெவலின் தொடக்கத்துக்கே அனுப்பும், எந்தப் பைப்பும் எடுக்காமல் ஓடினால் சுற்றும். இந்த இரண்டு தண்டனைகளையும் பிரித்தறிந்தாலே பாதி வேலை முடிந்தது. ஓரிடத்தில் சரியான பைப் எட்டாத உயரத்தில் இருக்கும். அதன் அருகே கண்ணுக்குத் தெரியாத கட்டை ஒன்று இருக்கிறது, குதித்துக் குதித்துத் தலையால் முட்டித் தேடுங்கள், அதன்மேல் ஏறினால் பைப் எட்டும். அதற்கப்புறம் தண்ணீருக்கடியில் நீந்தும் பகுதி வந்தால், நீங்கள் வழி தவறவில்லை என்று பொருள். நிம்மதியாக நீந்துங்கள்.

"எந்தப் பக்கம் போனாலும் அதே காடு"

ஓடும் திரை இல்லாமல், ஒரு திரை முடிந்து அடுத்த திரை வரும் கேம்களில் இது வரும். முதல் செல்டா கேமில் இரண்டு இடங்கள்: தொலைந்த காடு, தொலைந்த மலை. ஜப்பானில் 1986-இலும், வட அமெரிக்காவில் 1987-இலும் வந்தது.

இங்கே இடம் என்று ஒன்று இல்லை, ஒரே ஒரு திரைதான் இருக்கிறது. நீங்கள் எந்தத் திசையில் வெளியேறினீர்கள் என்ற வரிசையை மட்டும் கேம் எண்ணுகிறது. அதனால் வரைபடம் வரைவது இங்கே வீண். நான் ஒரு மாலை முழுக்க அந்தக் காட்டுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன், ஒரே மரக்கூட்டத்தை இருபது கட்டங்களில் வரைந்து வைத்தேன்.

தொலைந்த காட்டுக்கு: வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு. தாண்டினால் கல்லறைத் தோட்டம். தொலைந்த மலைக்கு: மேலே, மேலே, மேலே, மேலே. தாண்டினால் ஐந்தாவது பாதாளம்.

மலை இன்னும் கொடுமையானது, ஏனென்றால் விடை அவ்வளவு எளிது. இரண்டு முறை மேலே போய்விட்டு "இது வேலைக்கு ஆகாது" என்று பக்கவாட்டில் திரும்பாதவர்கள் குறைவு. ஒரு தப்பான அடி வைத்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். நாலாவது அடியில் குழப்பம் வந்தால் நடுவிலிருந்து தொடர முயலாதீர்கள். வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போங்கள். காட்டிலிருந்து வெளியே வரக் கிழக்கு, மலையிலிருந்து வெளியே வர மேற்கு. இந்த இரண்டு வாசல்களும் எப்போதும் திறந்தே இருக்கும்.

விடையை நானே கண்டுபிடிக்கிறேன் என்பவர்களுக்கு: காட்டில் வெளிவாசலை நீக்கினால் மூன்று திசைகள் மிஞ்சும், நாலு அடிகள் என்றால் 81 வரிசைகள். வெறுங்கையால் முயன்று பார்க்கும் கணக்கு இல்லை இது. கேமுக்குள்ளேயே காசு வாங்கிக்கொண்டு வழி சொல்லும் மூதாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் ரூபி வீண் போகாது.

1998-இல் நின்டெண்டோ 64-க்கு வந்த ஒக்கரினா ஆஃப் டைமிலும் ஒரு தொலைந்த காடு உண்டு. அதற்கு மருந்து காது. ஒவ்வொரு சுரங்க வாயிலிலும் நின்று கேளுங்கள், எந்தப் பக்கம் பாட்டின் சத்தம் கூடுகிறதோ அதுதான் வழி. டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்து ஆடுபவர்கள் இங்கே காலத்துக்கும் சுற்றுவார்கள்.

சூப்பர் மேரியோ வேர்ல்டின் மாயக் காட்டில் லெவல்களை ஒழுங்காக முடிக்கிறீர்கள், ஆனால் வரைபடத்தில் வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வருகிறீர்களா? வழக்கமான வாசலில் முடித்தால் அங்கே அப்படித்தான். வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும் லெவல்களுக்கு இரண்டாவது வாசல் உண்டு. சாவியைத் தேடிச் சாவித் துவாரத்துக்குக் கொண்டுபோங்கள்.

"எல்லா அறையும் ஒரே மாதிரி, திரும்பி வந்தால் வந்த இடம் இல்லை"

படமே இல்லாமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து எழுத்தாலேயே ஆடும் கேம்களின் நோய் இது. வில் கிரௌதர் 1970-களின் நடுவில் எழுதி, டான் உட்ஸ் 1977-இல் விரிவாக்கிய கொலோசல் கேவ் அட்வெஞ்சர்தான் இதற்கு மூலம். கிரௌதர் உண்மையிலேயே குகைகளுக்குள் இறங்கி அளந்தவர், கென்டக்கியின் மாமத் குகைத் தொடரை நேரில் அறிந்தவர். ஆனால் கேமில் வரும் புதிர்வழி எந்தக் குகையின் அளவுக்கும் அடங்காது. வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய அறைக்கு வருவீர்கள் என்ற உறுதி இல்லை. அறையின் வர்ணனையோ எல்லா அறைக்கும் ஒரே வாக்கியம்.

மருந்து: கையில் உள்ள பொருளை ஒவ்வொரு அறையிலும் ஒன்றாகப் போட்டுவிட்டு, பொருளின் பெயரையே அறையின் பெயராக வைத்துக்கொள்ளுங்கள். படம் வரையாதீர்கள், அட்டவணை போடுங்கள்:

சாவி அறை: வடக்கு → புட்டி அறை. தெற்கு → சாவி அறை (அதே இடம்). கிழக்கு → தெரியாது.
புட்டி அறை: தெற்கு → கூண்டு அறை.

கடைசி வரியைப் பாருங்கள். சாவி அறையிலிருந்து வடக்கே போனால் புட்டி அறை, ஆனால் அங்கிருந்து தெற்கே வந்தால் கூண்டு அறை. படமாக வரைந்தால் இந்த இடத்தில் கோடுகள் சிக்கிக்கொள்ளும். அட்டவணையில் ஒரு சிக்கலும் இல்லை, வரி வரியாக நிரப்பிக்கொண்டே போகலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரே நேரத்தில் 7 பொருள்களுக்கு மேல் சுமக்க முடியாது. ஆகவே ஓர் அறையின் எல்லா வழிகளும் எழுதி முடிந்ததும் அந்தப் பொருளை எடுத்து அடுத்த அறைக்குப் பயன்படுத்துங்கள். விளக்கை மட்டும் ஒருபோதும் கீழே போடாதீர்கள், இருட்டில் நடந்தால் குழியில் விழுவீர்கள்.

அதே கேமில் இரண்டாவது புதிர்வழி ஒன்றும் உண்டு. அங்கே ஒவ்வொரு அறையின் வர்ணனையிலும் வார்த்தைகள் இடம் மாறி மாறி வரும். வேகமாகப் படித்தால் எல்லாம் ஒன்று போலத் தோன்றும். அங்கே பொருள் போடவே தேவையில்லை, வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதி வைத்தால் அதுவே அறையின் பெயர்.

"போட்ட பொருள் காணாமல் போகிறது"

ஸோர்க் ஆடுகிறீர்கள், இதுவும் எழுத்தாலேயே ஆடும் கேம்தான். அங்கே திருடன் ஒருவன் உலவுகிறான். புதிர்வழியில் நீங்கள் அடையாளத்துக்குப் போட்ட பொருளை எடுத்து வேறு இடத்தில் போடுவான், அல்லது கொண்டே போய்விடுவான். மேலே சொன்ன முறையைத் தெரிந்துகொண்டு வருபவர்களை முறியடிக்கவே அவனை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இங்கே பொருளின் மேல் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். ஓர் அறையை அடையாளம் காண அதிலிருந்து போகும் இரண்டு மூன்று வழிகளின் முடிவையும் சேர்த்துப் பாருங்கள். "இங்கிருந்து மேலே போனால் முட்டுச் சந்து, கிழக்கே போனால் எலும்புக்கூடு கிடக்கும் அறை" என்ற மாதிரி. எலும்புக்கூட்டைத் திருடன் தூக்குவதில்லை. புதிர்வழியைத் தாண்டி ஒற்றைக்கண் அரக்கனிடம் வந்தால், அவனோடு சண்டை போடாதீர்கள். ஒடிஸியஸ் என்று தட்டச்சு செய்தால் போதும், அவன் அலறிக்கொண்டு சுவரை உடைத்து ஓடுவான். அந்த ஓட்டை நேராக வீட்டின் கூடத்துக்கு வழிவிடும், அதன் பிறகு புதிர்வழிக்குள் போகும் அவசியமே இல்லை.

"வரைபடம் சரியாகத்தான் வரைகிறேன், சுவர்கள் பொருந்தவில்லை"

1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்த விஸார்ட்ரியும், அதைப் பின்பற்றி வந்தவையும் இந்த வகை. நம் கண்பார்வையில் நடக்கும் பாதாளங்கள். மொத்தம் 10 தளங்கள், ஒவ்வொன்றும் 20-க்கு 20 கட்டம். பள்ளியில் வாங்கும் கிராஃப் ஷீட் இதற்கென்றே செய்தது போல இருக்கும்.

சுவர்கள் பொருந்தாமல் போக மூன்று காரணங்கள் உண்டு, அவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

வரைபடம் கிராஃப் ஷீட்டின் 20-ஆவது கட்டத்தைத் தாண்டி ஓடுகிறதா? தளத்தின் ஓரம் மறுபக்க ஓரத்தோடு ஒட்டியிருக்கிறது. கிழக்கு விளிம்பைத் தாண்டினால் மேற்கு விளிம்பில் வருவீர்கள்.

வரைந்தது தொண்ணூறு பாகையோ நூற்றெண்பது பாகையோ திரும்பியது போல் இருக்கிறதா? சுழல் கட்டத்தில் கால் வைத்திருக்கிறீர்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் உங்களைத் திருப்பிவிடும்.

சுற்றுப்புறமே புதிதாக, எதோடும் ஒட்டாமல் இருக்கிறதா? வேறிடத்துக்குக் கடத்தும் கட்டம்.

மூன்றுக்கும் ஒரே சோதனை டுமாபிக் மந்திரம். மந்திரவாதிக்கு முதல் நிலையிலேயே கிடைப்பது. படிக்கட்டிலிருந்து எத்தனை கட்டம் தள்ளி நிற்கிறீர்கள், எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்று அது சொல்லும். ஆனால் அதே மந்திர இருப்பிலிருந்துதான் எதிரிகளைத் தூங்க வைக்கும் கட்டினோவும் செலவாகிறது. ஆகவே ஒவ்வொரு அடிக்கும் போடாதீர்கள். வரைபடத்தில் முதல் முரண் தெரிந்த உடனே போடுங்கள், சந்தேகமான அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டு அதற்குப் பிந்தைய கோடுகளை அழித்துவிடுங்கள். முரணைக் கண்டும் காணாமல் பத்து அடி நடந்தால், அந்தப் பத்தும் சேர்ந்து கெடும்.

"வலது கையைச் சுவரில் வைத்தபடியே நடந்தேன், வெளியே வரவில்லை"

இந்த வித்தையை எல்லோரும் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்போம். அது பொய்யில்லை, ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் சுவரும் வாசல் இருக்கும் சுவரும் ஒன்றோடொன்று தொடர்ந்திருக்க வேண்டும். நடுவில் தீவு மாதிரி நிற்கும் சுவரைத் தொட்டுவிட்டால் அதையே சுற்றிச் சுற்றி வருவீர்கள்.

1992-இல் வந்த துப்பாக்கிச் சண்டை கேமான வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யில் இது அடிக்கடி நடக்கும். அதில் வரைபடம் காட்டும் வசதி இல்லை. அடுத்த ஆண்டு வந்த டூமில் டேப் விசையைத் தட்டினால் வரைபடம் வரும், வுல்ஃபென்ஸ்டைனிலோ நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். செத்து விழுந்த காவலாளிகள் அங்கேயே கிடப்பார்கள், அவர்கள்தான் உங்கள் மைல்கல். சாப்பாட்டுத் தட்டையும் துப்பாக்கி ரவையையும் கண்டவுடன் எடுக்காமல், சந்திகளில் உள்ளதை விட்டு வையுங்கள். எடுக்காத தட்டு என்றால் இன்னும் போகாத வழி என்று வைத்துக்கொள்ளலாம்.

தீவுச் சுவர் இருந்தாலும் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் திரெமோ சொன்னது. எந்த வழியில் போனாலும் அதன் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கோடு. புதிய சந்திக்கு வந்தால் கோடு இல்லாத வழியில் போங்கள். ஏற்கெனவே வந்த சந்திக்குப் புதிய வழியாக வந்து சேர்ந்தால், வந்த வழியே திரும்புங்கள். இரண்டு கோடு விழுந்த வழியில் மறுபடி கால் வைக்கவே கூடாது. தாளில் இதைச் செய்தால் எவ்வளவு பெரிய புதிர்வழியும் ஒருநாள் முடிந்தே தீரும்.

அது கைகொடுக்காத இடம், சுவரே நகரும் இடம். வுல்ஃபென்ஸ்டைனில் ரகசியச் சுவரைத் தள்ளினால் அது பின்னால் போய் நின்றுவிடும், திரும்ப வராது. இரண்டாவது எபிசோடின் எட்டாவது தளத்தில் இப்படித் தள்ளும் சுவர்களாலேயே ஒரு புதிர்வழி இருக்கிறது. தப்பான சுவரைத் தள்ளினால் போக வேண்டிய வழியே அடைபட்டு உள்ளே சிக்கிவிடலாம். ஒவ்வொரு தள்ளலுக்கும் முன் சேவ் செய்யுங்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும், தொடக்கத்தில் சேவ் என்று நான் முதலில் சொன்னதை விட்டுவிடலாம்.

"வழி நன்றாகத் தெரியும், ஆனால் பிடிபடுகிறேன்"

1980-இன் பேக்-மேன். புதிர்வழி முழுக்கக் கண்முன்னே இருக்கிறது, சிக்கல் துரத்துபவர்களிடம். நாலு பேய்களையும் ஒன்றாக நினைப்பதுதான் தப்பு. சிவப்பு பிளிங்கி உங்கள் கட்டத்தையே குறி வைக்கும். இளஞ்சிவப்பு பிங்கி உங்களுக்கு நாலு கட்டம் முன்னால் குறி வைக்கும். அதனால் அதை நேருக்கு நேராகப் பார்த்து ஓடினால், குறி அதன் முதுகுக்குப் பின்னால் போய், பல சமயம் அது சந்தியில் விலகிவிடும். ஆரஞ்சு கிளைட் 8 கட்டத்துக்குள் நெருங்கிவிட்டால் உங்களை விட்டுவிட்டு இடது கீழ் மூலைக்குக் கிளம்பும்.

ஓடும்போது புள்ளி இல்லாத வழியில் ஓடுங்கள், புள்ளி தின்னும்போது வேகம் குறைகிறது. பக்கவாட்டுச் சுரங்கத்தில் பேய்கள் மிகவும் மெதுவாகப் போகும், நீங்கள் அப்படி இல்லை. மூலை வருவதற்குச் சற்று முன்பே குச்சியைத் திருப்பிவிடுங்கள், மூலையை அறுத்துக்கொண்டு திரும்புவீர்கள். பேய்களுக்கு அது முடியாது. நாலும் ஒரே நேரத்தில் திரும்பி எதிர்ப்பக்கம் போனால் பயப்பட வேண்டாம். முதல் லெவலில் தொடக்கத்தில் 7 விநாடி தத்தம் மூலைக்குப் போகும், பிறகு 20 விநாடி துரத்தும், மறுபடி மூலைக்கு. அந்த 7 விநாடி உங்களுடையது.

"எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், முடியவே இல்லை"

இரண்டு இடங்களில் மட்டும், எங்கள் அண்ணன் சந்தேகப்பட்டது போல, கோளாறு உண்மையிலேயே கேமில் இருக்கிறது.

பேக்-மேனின் 256-ஆவது லெவலில் திரையின் வலது பாதி எழுத்தும் குப்பையுமாகச் சிதறும். லெவல் எண்ணை வைத்திருக்கும் இடம் நிரம்பி வழிவதால் வருவது. லெவல் முடியத் தேவையான புள்ளிகள் அங்கே இல்லை. அவ்வளவு தூரம் வந்தவர் கேமையே முடித்துவிட்டார்.

இன்னொன்று மேரியோவின் மைனஸ் உலகம். 1-2-இன் கடைசியில் சுவருக்குள் நுழைந்து, வரவேற்கும் எழுத்து வருவதற்கு முன் பைப்பில் இறங்கினால் கேம் உங்களை 36-ஆவது உலகத்துக்கு அனுப்பும். 36-க்கு உரிய படம் வெற்றிடம் என்பதால் திரையில் -1 என்று மட்டும் தெரியும். கேசட்டில் அது நீருக்கடியில் நீந்தும் லெவல், அதன் கடைசிப் பைப் அதே லெவலின் தொடக்கத்தில்தான் கொண்டு விடும். மேல், நடு, கீழ், மறைந்த கட்டை, எதுவும் இல்லை. ஜப்பானின் டிஸ்க் பதிப்பில் மட்டும் மைனஸ் உலகம் வேறு மாதிரி, அதை ஆடி முடிக்கலாம். கேசட்டில் ஆடுபவர்கள் அந்தப் பைப் வழியாக ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, டைமர் தீரும் வரை காத்திராமல் ரீசெட்டை அழுத்திவிடுங்கள்.